சிக்கல் கோடையும் ஒரு மஞ்சள் இலையும்

"சாருக்கு எந்த ஊரில் வேலை?" என்று யாராவது கேட்டால் "சிக்கலில்" என்பேன். கேட்டவர் முகம் ஒரு நொடி மாறும். சிலர் நாகப்பட்டினத்துப் பக்கம் இருக்கும் சிக்கல் என்று நினைத்துக்கொண்டு சிங்காரவேலர் கோயிலைப் பற்றி விசாரிப்பார்கள். நான் சொல்வது ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி தாலுகாவில் இருக்கும் சிக்கல். மானாவாரி மிளகாய், பனை, கண்மாய், சீமைக்கருவேலம், தெற்கே கொஞ்ச தூரத்தில் கடல். இவ்வளவுதான் எங்கள் ஊர்.

மதுரை வேளாண்மைக் கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த நாலு பேர் நாங்கள். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒருவன் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவன், ஒருவன் விதை கம்பெனியில், ஒருவன் சொந்த நிலத்தில். வருஷத்துக்கு ஒரு முறை கோடையில் ஒரு சனி, ஞாயிறு எங்காவது போவோம். கொடைக்கானல், ஏற்காடு, குற்றாலம் எல்லாம் முடிந்தது. மே மாதக் கொடைக்கானலில் ஏரியைப் பார்த்த நேரத்தைவிட வண்டி நிறுத்த இடம் தேடிய நேரம் அதிகம். போன வருஷம், "இந்தத் தடவை என் ஊருக்கு வாங்கடா" என்றேன். "மே மாசம் மனுஷன் ராமநாதபுரம் வருவானா?" என்று விதை கம்பெனிக்காரன் சிரித்தான். ஆனாலும் வந்தார்கள்.

வங்கி நண்பனுக்கு ஓய்வுக்குப் பிறகு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. செல்போனில் படம் எடுப்பான், அதை மணிக்கணக்கில் எடிட் செய்வான். "எடுக்கிறது பாதி, சரிபண்ணுறது பாதி" என்பான். அந்த இரண்டு நாளில் எங்கள் மூவருக்கும் அதைக் கற்றுக்கொடுப்பதாக ஏற்பாடு. ஸ்னாப்சீட் என்ற இலவசச் செயலியை எல்லோர் போனிலும் ஏற்றினான்.

சனிக்கிழமை விடியுமுன் பனங்காட்டில் இருந்தோம். இந்தப் பக்கம் கோடைதான் பதநீர்க் காலம். கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டி, காலையில் இறக்கியதைப் பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கவேண்டும். டம்ளரில் குடித்தால் அது வேறு பானம். சூரியன் பனைக்குப் பின்னால் எழும்போது மரம் கறுப்பாகவும் வானம் ஆரஞ்சாகவும் வரும். ஆளுக்கு முப்பது படம் எடுத்தோம். "வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறை, மரத்தில் கைவைக்காதே" என்றான். அதுதான் முதல் பாடம். அங்கிருந்து சாயல்குடிக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு வாலிநோக்கம் போனோம்.

உப்பளம் பார்க்க மே மாதத்தைவிட நல்ல மாதம் கிடையாது. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. 1974-ல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. பாத்தியில் உப்பை வாரிக் கரையில் அம்பாரம் குவித்திருந்தார்கள். எட்டு மணிக்கே கண் கூசியது. ஆனால் போனில் பார்த்தால் உப்பு அழுக்குச் சாம்பல் நிறமாக இருந்தது! கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சம் என்று நினைத்து அளவிடுகிறது, அதனால் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும் என்று நண்பன் விளக்கினான். திரையில் உப்பைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்று மேலே இழுத்தால் வெள்ளை வெள்ளையாகிறது. ரொம்ப இழுத்தால் உப்பின் பரல் எதுவும் தெரியாமல் வெறும் காகிதம்போல வெளுத்துவிடும். அப்படி வெளுத்ததை எந்த எடிட்டிங்கும் மீட்காது. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "கண்ணுக்குக் கண்ணாடி போடாம வெள்ளையப் பாக்குறீகளே, தலவலிக்கும் சார்" என்றார். அவர் கண்ணில் கண்ணாடி இல்லை. அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு மிளகாய்க் களம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது வாசகர்களுக்குத் தெரியும். உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை முதல் பழம் பறித்து, மே மாதம் கடைசி வத்தல் காய்ந்துகொண்டிருக்கும். நான் அதிகாரி என்பதால் தார்ப்பாய் விரித்துக் காயப்போடுங்கள், மண்ணில் நேரடியாகப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று நாலு வார்த்தை சொன்னேன். நண்பன் அதற்குள் படம் எடுத்து, நிறத்தைக் கூட்டிவிட்டு எங்களிடம் காட்டினான். களம் முழுக்கத் தீப்பிடித்தமாதிரி சிவப்பு. வெளுத்துப்போன சோடை வத்தல்கூடப் பாதி சிவந்து நின்றது. வத்தலின் சுருக்கமும் மினுமினுப்பும் போய், எல்லாம் ஒரே சிவப்புப் பூச்சு. களத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் போன மண்டிக்குக் கொண்டு போனா கிலோவுக்கு இருவது ரூவா கூடக் கெடைக்கும் சார்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிறகு வேறுமாதிரி ஞாபகம் வந்தது.

மத்தியானம் வெளியே போக முடியாது. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்து, நுங்கு சாப்பிட்டுக்கொண்டு வகுப்பு நடந்தது. எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது வொயிட் பேலன்ஸ். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் மஞ்சள், நிழல் நீலம், டியூப் லைட் பச்சை. நம் கண் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும், கேமரா பல சமயம் ஏமாறும். படத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய ஒன்றைத் தொட்டுக் காட்டினால், செயலி மற்ற நிறங்களையும் அதற்கேற்ப நகர்த்துகிறது. வேட்டி வெள்ளையானால் முகமும் சரியாகிறது. எனக்கு அது மந்திரம்போல இருந்தது. அன்று இரவு இருபது வருஷத்துப் பழைய குடும்பப் படங்களையெல்லாம் நகர்த்திக்கொண்டிருந்தேன். மகள் போனில், "அப்பா, அம்மா சேலை அந்தக் கலரே இல்ல" என்றாள். அவள் அம்மாவும் அதையே சொன்னாள்.

சாயங்காலம் செல்வனூர்க் கண்மாய்க்குப் போனோம். மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் 1998-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 593 ஹெக்டேர். பறவை பார்க்க வருகிறவர்கள் மார்கழி, தையில் வரவேண்டும். நாட்டுக்கருவேலத்தில் கூடு கட்டும் நாரை, கூழைக்கடா எல்லாம் தண்ணீர் இருக்கும்போதுதான். மே மாதம் நாங்கள் பார்த்தது வெடித்த மண்ணும், மேயும் ஆடுகளும். விதை கம்பெனிக்காரன் அந்த வெடிப்பை எடுத்து, ஸ்ட்ரக்சர் என்ற வசதியைக் கூட்டி, நிறத்தை எடுத்துவிட்டு, "வறட்சியின் கோரம்" என்று எழுதி எங்கள் கல்லூரிக் குழுவில் போட்டுவிட்டான். ஐந்து நிமிஷத்தில் எனக்கு மூன்று போன், "அங்கே அவ்வளவு மோசமா?" என்று. மோசம் ஒன்றுமில்லை. கண்மாய் மே மாதம் வற்றும். வற்றினால்தான் அனுமதி வாங்கி வண்டல் அள்ளி வயலுக்கு அடிக்க முடியும், மடையைச் சரிபார்க்க முடியும். அவனை அதை எடுக்கச் சொல்லி, ஆட்டுக்காரரும் ஆடுகளும் இருக்கும் நிறப் படத்தைப் போட வைத்தேன். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை உத்தரகோசமங்கை. தல மரமான இலந்தையை வேளாண் பட்டதாரிகள் நாலு பேரும் கோயிலைவிட அதிக நேரம் பார்த்தோம். பிறகு பாம்பன், தனுஷ்கோடி. 1914-ன் பழைய ரயில் பாலத்தின் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் நின்றது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று எல்லோரும் எடுக்கும் படத்தை நாங்களும் எடுத்தோம். அதைப் பற்றி எழுத எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

நண்பர்கள் போய்விட்டார்கள். எடிட்டிங் பழக்கம் என்னிடம் நின்றுவிட்டது. அதனால் வந்த வினையைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

கார்த்திகையில் இரண்டு நாள் நல்ல மழை. மழை விட்ட மூன்றாம் நாள் ஒரு விவசாயி அக்கா வாட்ஸ்அப்பில் மிளகாய்ச் செடிப் படம் அனுப்பினார். அவர் மகன் எடுத்தது. "சார், அடி இலையெல்லாம் மஞ்சளா இருக்கு, என்ன செய்ய?" என்று கூடவே குரல் பதிவு. படத்தைத் திறந்தேன். இலை மட்டுமில்லை, மண்ணும் வரப்பும் பின்னால் நின்ற பையனின் சட்டையும் மஞ்சளாகத்தான் தெரிந்தன. சாயங்கால வெயிலில் எடுத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்தேன். கை தானாக ஸ்னாப்சீட்டுக்குப் போனது. பையனின் சட்டை வெள்ளையாகத்தான் இருக்கும் என்று நினைத்து அதைத் தொட்டேன். இலை பச்சையாகிவிட்டது. மனசுக்குத் திருப்தி. "ஒண்ணுமில்லக்கா, வெளிச்சம்தான் அப்படிக் காட்டுது, பயப்படாதீங்க" என்று பதில் போட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வயலைப் பார்த்தேன். கீழ்ப்பக்க மூலை, நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு, செடி வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கினால் வேர் பழுப்பாக, தோல் உரிந்து கையோடு வந்தது. தண்ணீர் தேங்கிய வயலில் வேருக்குக் காற்று இல்லை, வேர் தழைச்சத்தை எடுக்காது. செடி அடி இலையிலிருந்த சத்தை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். அதனால்தான் முதலில் அடி இலை மஞ்சளாகும். இதை நான் முப்பது வருஷமாகக் கூட்டங்களில் சொல்லிவருகிறேன். அந்த அக்காவும் குரல் பதிவில் "அடி இலை" என்று சரியாகத்தான் சொல்லியிருந்தார். மூன்றாம் நாளே மண்வெட்டியால் ஒரு வடிகால் வெட்டிவிட்டு, மண் காய்ந்ததும் லேசாகக் கொத்தி, ஒரு சதவீத யூரியாக் கரைசல், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம், தெளித்திருந்தால் பெரும்பாலும் தேறியிருக்கும். பையனின் சட்டை என்ன நிறம் என்று கேட்டேன். இளமஞ்சளாம்.

அக்கா திட்டவில்லை. "நீங்க சொன்னீகன்னு விட்டுட்டேன் சார்" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம். மீதிச் செடிக்காவது இருக்கட்டும் என்று அன்றே நின்று வடிகால் எடுக்கவைத்து, வேரில் ஊற்றக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்குச் சொன்னேன். பரவாமல் நின்றது. போன கால்பங்கு போனதுதான்.

இந்த இதழின் கேள்வி பதில் பகுதிக்கும் பலர் படம் அனுப்புகிறார்கள் என்பதால் சொல்கிறேன். போனில் உள்ள பியூட்டி, ஃபில்டர், ஏஐ வசதிகளை அணைத்துவிட்டு எடுங்கள். சில போன்கள் கேட்காமலேயே இலையை வழுவழுப்பாக்கிப் பச்சையைக் கூட்டுகின்றன. இலைப்பேன் சுரண்டிய வெள்ளித் தழும்பு அதில் மறைந்துவிடும். இலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். அப்படியானால் பார்க்கிறவர் சட்டையை நம்பவேண்டாம். பூச்சி இருந்தால் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள், அளவு தெரியும். காலை ஏழு, எட்டு மணி வெளிச்சம் போதும், உச்சி வெயில் என்றால் உங்கள் உடம்பின் நிழலில் செடி இருக்கட்டும். இலையின் அடிப்புறம் ஒன்று, முழுச்செடி ஒன்று, நாலடி பின்னால் நின்று வயல் ஒன்று. எங்கள் வயலில் அந்த மூன்றாவது படம் இருந்திருந்தால் தேங்கிய தண்ணீர் எனக்குத் தெரிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் தெளிவு குறையாது. விதைத்து எத்தனை நாள், கடைசி மழை எப்போது, என்ன உரம், என்ன மருந்து என்பதை எழுதுங்கள். வத்தல் விற்கிறவர்கள் வியாபாரிக்கு அனுப்பும் படத்திலும் சிவப்பைக் கூட்டவேண்டாம். மூட்டை பிரிக்கும்போது சோடை சோடையாகத்தான் இருக்கும்.

என் பங்குக்கு, விவசாயி அனுப்பும் படத்தை எடிட் செய்வதில்லை. சந்தேகம் வந்தால் வீடியோ அழைப்பு, அதிலும் தீராவிட்டால் பைக். பனையும் உப்பும் கண்மாயும் என்றால் இன்னும் இரவு பதினோரு மணிவரை நோண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அதை விட மனசு வரவில்லை.

இந்த மே மாதமும் நண்பர்கள் வருகிறார்கள். அந்த அக்காவின் களத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். "வாங்க சார், வத்தல் காயுது. போன்ல பாத்துட்டு மட்டும் போயிராதீக" என்றார். சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் பதநீருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.