கோட்டா: சுவர் நிறைய வேண்டுதல்!

கோட்டா என்றால் பெண்களுக்குக் கட்டம் போட்ட மெல்லிய புடவை ஞாபகம் வரும். வீடு கட்டியவர்களுக்குத் தரையில் பதிக்கும் கல். ராஜஸ்தானில் சம்பல் நதிக்கரையில் இருக்கும் அந்த ஊர், இன்று டாக்டர், இன்ஜினீயர் கனவோடு பிள்ளைகள் வந்திறங்கும் கோச்சிங் நகரம்.

1980-களில் பன்சால் என்ற இன்ஜினீயர், தசைச் சிதைவு நோயோடு போராடியபடி, வீட்டிலேயே சில மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அவர்கள் ஐ.ஐ.டி-க்குள் நுழைய, ஊரின் தலையெழுத்தே மாறியது. பின்னாளில் பெரிய ஆலை மூடப்பட்டபோது, ஊருக்குச் சோறு போட்டது கோச்சிங்தான்.

தல்வண்டி, ஜவஹர் நகர் தெருக்களில் எங்கு திரும்பினாலும் ஹாஸ்டல், மெஸ், ரேங்க் வாங்கியவர்களின் பிரமாண்ட பேனர்கள். தோற்றவர்களின் படம் எங்கும் இல்லை. 2024-ல் நாடு முழுக்க நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ் இடங்களோ 1 லட்சத்துக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்குத்தான் இடம். ஆனாலும், ஜெயித்தவர்கள் மட்டுமே கண்ணில் படும் ஊரில், ‘நான்தான் உதவாக்கரை’ என்று ஒரு பிள்ளை நினைப்பதில் ஆச்சரியமில்லை.

கூட்டுக்குடும்பத்தில் தோற்றுப்போன பிள்ளையைத் தேற்ற பாட்டி இருப்பார், சித்தப்பா இருப்பார். இங்கே ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு செல்போன். பக்கத்து அறைப் பையன் நண்பன்தான்; போட்டியாளனும் அவனே.

தல்வண்டி ராதாகிருஷ்ணர் கோயில் சுவரில் மாணவர்கள் வேண்டுதல்களை எழுதிவைக்கிறார்கள். ரேங்க், சீட், அப்பா அம்மாவின் சந்தோஷம்... எழுத இடமில்லாமல் போனால் வெள்ளையடிக்கிறார்கள். மறுபடி நிறைகிறது.

மாணவர் மரணங்கள் தொடர்ந்ததால், 2023 ஆகஸ்ட்டில் கோச்சிங் சென்டர்கள் இரண்டு மாதம் டெஸ்ட் வைக்க மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டியது. அதே ஆண்டு, கலெக்டரே ஹாஸ்டல்களுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசினார்.

அதில்தான் பாடம் இருக்கிறது. ராத்திரி போன் செய்யும்போது “டெஸ்ட்ல எவ்வளவு?” என்பதற்கு முன்னால், “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்கலாம். தூக்கமும் பசியும் குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை வாடினால், அது சோம்பேறித்தனம் அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும்.

(மனம் விட்டுப் பேச: டெலி மனஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.)