அளவுகோலையே சோதித்த ஒளி

ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு? நூறு சென்டிமீட்டர் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அந்தச் சென்டிமீட்டரை யார் முடிவு செய்தது என்று கேட்டால்தான் வம்பு.

1889 முதல் 1960 வரை பதில் சுலபம். பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் பிளாட்டினம், இரிடியம் கலந்த ஓர் உலோகச் சட்டம் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் கீறிய இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் மீட்டர். ரூபாய் நோட்டுக்கு ஈடாகப் பெட்டகத்தில் தங்கம் வைப்பது மாதிரி. ஆனால் கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டே! அதனால் 1960இல் சட்டத்தைக் கைவிட்டு, கிரிப்டான்-86 அணு வெளியிடும் ஆரஞ்சு ஒளியின் 16,50,763.73 அலைநீளங்கள் சேர்ந்தது ஒரு மீட்டர் என்றார்கள்.

1972இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கென் எவன்சன் குழுவினர், மீத்தேன் வாயுவைக் கொண்டு நிலைப்படுத்திய லேசர் ஒன்று வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று அளந்தார்கள். சுமார் 88 லட்சம் கோடி முறை. நேரடியாக எண்ணக் கருவி கிடையாது. சீசியம் கடிகாரத்தில் ஆரம்பித்து, ஒன்றைவிட ஒன்று வேகமாக அதிரும் லேசர்களை ஏணி மாதிரி அடுக்கி மேலே ஏறினார்கள். அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் ஒளியின் வேகம். கிடைத்தது வினாடிக்கு 29,97,92,456.2 மீட்டர், 1.1 மீட்டர் முன்னே பின்னே.

அந்த 1.1 எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயமே. அதிர்வெண் பக்கம் கணக்கு சுத்தம். உதைத்தது மீட்டர் பக்கம். கிரிப்டான் ஒளிக்கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால், அதன் நடு எது என்பதிலேயே குழப்பம். துணி அளக்கப் போய் கஜக்கோலே கோணல் என்று தெரிந்த கதை!

1983இல் ஒளியின் வேகம் 29,97,92,458 என்று நிரந்தரமாக முடிவாயிற்று. வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியில் அத்தனையில் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரம் மீட்டர். இனி யாராவது ஒளியின் வேகத்தை அளந்தால், உண்மையில் அவர் சோதிப்பது தன்னுடைய அளவுகோலைத்தான்.

இப்போது ஏணியும் தேவையில்லை. ஹேன்ஷ், ஹால் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்த அதிர்வெண் சீப்பு அந்த வேலையை ஒரே கருவியில் முடித்துவிடுகிறது. அதிர்வெண் தெரிந்த லேசர் கையில் இருந்தால் எந்த ஊர் ஆய்வகத்திலும் மீட்டரை உருவாக்கிக்கொள்ளலாம், பாரிஸுக்குப் போக வேண்டாம்.

மிச்சமிருக்கும் தொல்லை ஒளியில் இல்லை, அளக்கப்படும் பொருளில். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடானாலே சுமார் 11 மைக்ரான் நீண்டுவிடும். அதனால்தான் தொழிற்சாலை அளவுக்கட்டைகளின் நீளத்தை 20 டிகிரி செல்சியஸில் இவ்வளவு என்றே குறிப்பிடுகிறார்கள்.