பின்கதவின் அழகு

கார் வாங்க எண்ணும் குடும்பத்தில் விலை, மைலேஜ், மாதத் தவணை எல்லாம் பேசி முடிந்த பின் எழுகின்ற கேள்வி, பார்க்க அழகாக இருக்கிறதா என்பதே. அழகை விரும்புவது மனித இயல்பு; நம் மார்க்கம் அதனை மறுக்கவும் இல்லை. ஆயினும் நான்கு கதவுள்ள ஒரு காரின் அழகை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதைச் சற்றுச் சிந்திக்கலாம். பெரும்பாலோர் முன்னே நின்று விளக்குகளையும் முகப்பையும் பார்க்கின்றனர். பின்கதவின் அருகே நின்று பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

இரண்டு கதவுக் காரை அழகுற வரைவது எளிது. முன்னிருக்கையைத் தாண்டியதுமே கூரையைச் சரித்து இறக்கிவிடலாம். நான்கு கதவு என்றால் பின்னே அமர்பவரும் முழு மனிதர். அவருடைய தலைக்காகக் கூரை உயரம் குறையாமல் நீள வேண்டும். முழங்காலுக்காக முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையே தூரம் வேண்டும். நடுவே ஒரு தூண் நிற்கிறது. பின்கதவின் அடிப்பகுதியைச் சக்கர வளைவு அரித்துக்கொள்கிறது. இவ்வளவு தடைகளுக்கும் இடம் கொடுத்து, பின்னே அமர்பவரிடமிருந்து எதையும் பறிக்காமல் கண்ணுக்கு இனிய உருவம் அமைவதே நான்கு கதவுக் காரின் அழகு.

1968-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்.ஜே.6 இதற்கு நல்ல சான்று. அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான வில்லியம் லயன்ஸ் தம் மேற்பார்வையில் உருவாக்கிய கார் அது. உலகின் அழகிய கார்களுள் ஒன்றாக இன்றும் அது போற்றப்படுகிறது. எனினும் பின்னிருக்கையில் கால் வைக்க இடம் போதவில்லை என்னும் குறை எழுந்தது. 1972-இல் சக்கர இடைவெளியை நான்கு அங்குலம் நீட்டி, அந்த நீளத்தைப் பின்கதவுக்கே கொடுத்தனர். அழகு கெடவில்லை. சில ஆண்டுகளில் நான்கு கதவு வகையில் நீளமானதே நிலைத்தது.

நம் ஊரிலும் ஒரு சான்று உண்டு. டிரயம்ப் ஹெரால்டு என்னும் ஆங்கிலேயக் காருக்கு வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. இங்கிலாந்தில் அது இரண்டு கதவுக் காராகவே விற்பனையானது. பின்னே செல்ல வேண்டுமெனில் முன்னிருக்கையை மடக்கி நுழைய வேண்டும். அதே காரை வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. 1960-களின் பிற்பகுதியில் அங்கே நான்கு கதவு ஹெரால்டு உருவாயிற்று. இங்கிலாந்தில் அப்படியொன்று இல்லவே இல்லை. சேலை கட்டிய பெண்களும் ஊன்றுகோல் பிடித்த பெரியவர்களும் இருக்கை மடக்கி ஏறும் வீட்டில் அந்த இரு கதவுகளின் மதிப்பை விளக்கத் தேவையில்லை.

சட்டமும் அழகைச் செதுக்குகிறது. 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் சிறிய எஞ்சினும் உடைய கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. 2008-இல் 4,160 மில்லிமீட்டர் நீளத்தில் வந்த சுவிஃப்ட் டிசையர், 2012-இல் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கியது. டிக்கியை வெட்டிவிட்டார்கள் என்று பலர் நகைத்தனர். பக்கவாட்டில் பார்க்க அது குட்டையாகத்தான் தெரிந்தது. ஆனால் வெட்டு விழுந்தது டிக்கியில். அமர்பவரின் இடத்தில் அன்று. அந்த நேர்மையிலும் ஓர் அழகு இருப்பதாக நாம் கருதுகிறோம்.

எதிர்த்திசைப் போக்கும் உண்டு. 2004-இல் மெர்சிடிஸ் பென்ஸ் சி.எல்.எஸ். வந்தது முதல், நான்கு கதவை வைத்துக்கொண்டே கூரையை இரண்டு கதவுக் காரைப் போல் சரிக்கும் பாணி பரவியது. ஓடும்போது கண்ணைக் கவரும். ஏறும்போது தலையைக் குனியச் சொல்லும்.

அண்மையில் எங்கள் வீட்டில் பழைய கார் ஒன்று வாங்க இரண்டைப் பார்த்தோம். ஒன்று சரிந்த கூரையுடையது. பிள்ளைகள் அனைவரும் அதன்மீதே கண் வைத்தனர். உம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது, முழங்கால் மடங்காது. ஒரு கையால் கதவைப் பிடித்து, இடுப்பை வளைத்து, தலையை உள்ளே கொண்டுபோக இருமுறை முயன்றார்கள். பிறகு துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க வாப்பா, நான் வீட்டுல இருந்துக்குறேன்" என்றார்கள். அன்றைக்கு எங்கும் போவதாக இல்லை. இனி வரப்போகும் எல்லாப் பயணங்களையும் சேர்த்தே அவர்கள் சொன்னார்கள் என்பது எங்களுக்குப் புரிந்தது.

இரண்டாவது கார் நிமிர்ந்த கூரையுடையது. இருக்கை சற்று உயரம். உம்மா பக்கவாட்டில் அமர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார்கள். கண்ணாடி வழியே வெளியே பார்த்தவர்கள், "ராத்தா வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டார்கள். விலை பேச வேறு காரணம் தேவைப்படவில்லை.

எனவே கார் பார்க்கச் செல்வோர் வீட்டின் மூத்தவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, சக்கர வளைவில் ஆடை உரசுகிறதா, இருக்கை இடுப்பளவில் இருக்கிறதா, நிமிர்ந்து அமர்ந்தால் தலைக்கு மேல் நான்கு விரல் இடம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இவை சரியாக அமைந்த பின், நிறத்தையும் முகப்பையும் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். விருந்தினரை வாசலில் குனிய வைக்காத வீட்டையே நாம் நல்ல வீடு என்கிறோம். காருக்கும் அதுவே அளவுகோலாகட்டும்.