வண்டியில் வெடி வேண்டாம்

2021 தீபாவளி அன்று, கோட்டக்குப்பம் சாலையில் ஸ்கூட்டரில் மூட்டையாகக் கொண்டுபோன நாட்டு வெடி வெடித்து ஓர் அப்பாவும் 7 வயது மகனும் அங்கேயே இறந்துபோனார்கள். 2024 தீபாவளிக்கு ஆந்திராவின் ஏலூரில் வெங்காய வெடி மூட்டையோடு போன ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கியது. அடுத்த நொடி வெடித்தது. ஓர் உயிர் போனது.

இரண்டு இடத்திலும் யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. நாட்டு வெடியில் அடைக்கும் கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. ஒரு பொறி போதும். வெங்காய வெடிக்குப் பொறிகூட வேண்டாம். வீசினால் வெடிப்பதற்கென்றே செய்தது அது. உள்ளே மருந்தும் பொடிக்கல்லும் உரசிக்கொண்டே வரும். கால்மாட்டில் மூட்டை, கீழே வேகத்தடை, பக்கத்தில் சூடான சைலன்சர். வேறென்ன வேண்டும்?

நாட்டு வெடி வாங்காதீர்கள். எந்த வெடியையும் டூவீலரில் ஏற்றாதீர்கள். தயவுசெய்து, வெடிக்கடைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள்.