அம்மாவில் தொடங்கும் சிங்களம்

ஜூன் 7, சனி

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், இன்று மாலை சிங்கள வகுப்பைத் தொடங்கினேன். 11 பேர் வந்தார்கள். எட்டுப் பேர் மலையிலிருந்து இறங்கி முகம் கழுவிய கையோடு வந்த பெண்கள். மற்ற மூவர் ஹட்டன் கடைகளில் வேலை தேடும் பொடியன்கள். தகரத்தில் அடித்த மழையில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

எழுத்துகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் குடும்பத்தில் தொடங்கினேன். அம்மா, அக்கா, மாமா மூன்றும் சிங்களத்திலும் அப்படியேதான். "அப்ப எங்களுக்குப் பாதி தெரியும் டீச்சர்!" என்றாள் ஒரு பிள்ளை. அடுத்து 'தாத்தா' என்று எழுதி, அது அப்பாவைக் குறிக்கும் என்றதும் ஒரே சிரிப்பு. தாத்தாவுக்குச் 'சீயா', தம்பிக்கு 'மல்லி', தங்கைக்கு 'நங்கி', சித்தப்பாவுக்குப் 'பாப்பா'. மல்லியை ரசத்தில் போடுவோமே என்று ஒரு அக்கா கேட்க, சிரிப்பு அடங்கவே இல்லை.

அம்மாவின் அண்ணன் தம்பி மாமா, அவர் மகன் 'மஸ்ஸினா'. நம் மச்சான்தான். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் அண்ணன், தம்பி முறை. ஆங்கிலம் மாமாவையும் சித்தப்பாவையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். சிங்களவர் நம்மைப் போலவே முறை பிரித்துப் பார்க்கிறார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவரையும் அக்கா, மல்லி என்றே கூப்பிடுகிறார்கள்.

ஜூன் 14, சனி

இன்று மனசுக்குள் இருப்பதைச் சொல்லும் சொற்கள். சிங்களத்தில் 'மம' என்றால் நான், 'மட்ட' என்றால் எனக்கு. மட்ட பயயி: எனக்குப் பயம். மட்ட துகயி: எனக்குத் துக்கம். மட்ட தரஹயி: எனக்குக் கோபம். நாமும் பயத்தையும் கோபத்தையும் 'எனக்கு' என்றுதானே சொல்கிறோம்? ஒரு 'மட்ட' பிடிபட்டதும் பத்து வாக்கியம் தானாக வந்தது.

'மட்ட படகினியி' என்றால் எனக்குப் பசி. 'பட' வயிறு, 'கினி' நெருப்பு என்று பிரித்துச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா, "வயித்துல நெருப்பு. சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். அவர் காலை ஏழரைக்கு மலைக்கு ஏறியவர்.

ஜூன் 21, சனி

நீங்கள் ஏன் சிங்களம் படித்தீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். சொன்னேன். எனக்குப் பதினாறு வயதில் அம்மாவை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். எங்கே வலிக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார்கள். அம்மா நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து, "பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அது அங்கிருந்த யாருக்கும் விளங்கவில்லை. வயிற்று வலி என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு இடத்தில்தான் இதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். பேச்சு வராமல் அவர் பார்த்த பார்வை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

இலங்கையில் சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற சட்டம் 1956இல் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அரச சேவையில் புதிதாகச் சேர்வோர் இரண்டாம் மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இத்தனை இருந்தும், தோட்டத்துப் பெண் ஒருத்தி நோயோடு போகும்போது மொழிபெயர்க்கப் பள்ளிக்கூடம் போகும் மகளையும் இழுத்துக்கொண்டுதான் போகிறாள்.

ஜூன் 28, சனி

பொடியன் ஒருவனை டொக்டராக உட்கார வைத்தேன். பெரியம்மா எதிரில் வந்து நின்றார். கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் சேலைத் தலைப்பை முறுக்கினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நிமிர்ந்து, "மகே துவட்ட உண. மட்ட பயயி" என்றார். என் மகளுக்குக் காய்ச்சல், எனக்குப் பயமாக இருக்கிறது. வகுப்பே கைதட்டியது.

மொழி கற்பிக்கிறவர்களே, வணக்கமும் விலாசமும் இரண்டாவது பாடமாக இருக்கட்டும். முதல் பாடத்தில் அம்மாவையும் பிள்ளையையும் வலியையும் பயத்தையும் வையுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: 'வலிக்குது', 'பயமா இருக்கு' என்ற இந்த இரண்டு தமிழ்ச் சொற்களையாவது கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் பெரியம்மா உங்கள் மொழியில் ஐந்து சொல் கற்றுவிட்டார்.