உருளும் சக்கரம், வழுக்கும் சக்கரம்

சைக்கிளில் வேகமாக வந்து, பின் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்து, மண்ணில் 'சர்ர்ர்' என்று கோடு போடாத பையன்கள் உண்டா? கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு கெத்து! அந்தக் கோட்டில் இருக்கும் இயற்பியலைச் சிலர் பிறகு மழை நாளில், பைக்கில், கை காலைக் கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு கேள்வி. பைக் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது. டயரில் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் என்ன வேகத்தில் போகும்? 60 என்பீர்கள். இல்லை, பூஜ்யம்! வழுக்காமல் உருளும் சக்கரத்தின் அடிப்புள்ளி, தரையைத் தொடும் கணத்தில் நகர்வதில்லை. உச்சிப்புள்ளியோ 120-ல் பறக்கும். நம்பாதவர்கள் ஓடும் சைக்கிளைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் பார்க்கலாம். மேல் கம்பிகள் கலங்கியும் கீழ்க் கம்பிகள் தெளிவாகவும் விழும்.

தொடும் இடம் நகராததால் அங்கே உராய்வு ஆற்றலைத் தின்பதில்லை. (காமர்ஸ் பாஷையில், செலவுக் கணக்கில் எழுத ஒன்றுமில்லை.) அப்படியானால் உருட்டிவிட்ட சக்கரம் ஏன் நிற்கிறது? டயர் அடியில் நசுங்கி நிமிரும்போது, நசுங்கச் செலவான ஆற்றல் முழுதாகத் திரும்புவதில்லை, கொஞ்சம் வெப்பமாகிவிடுகிறது. காற்று குறைந்த டயர் பெட்ரோல் குடிப்பது இதனால்தான்.

இப்போது பிரேக். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் இயக்க ஆற்றல் சுமார் 27,800 ஜூல். நிற்பதற்குள் இத்தனையும் எங்காவது போயாக வேண்டும். சக்கரம் சுற்றிக்கொண்டே வேகம் குறைந்தால் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகும். சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால் பிரேக்குக்கு வேலையில்லை. டயரும் சாலையும் உரசித் தீர்க்கும். கறுப்புக் கோடு அதன் ரசீது.

எங்கே எரிந்தால் என்ன என்று விட முடியாது. பீரோ தள்ளியவர்களுக்குத் தெரியும், அசைக்கும்வரைதான் கஷ்டம், அசைந்துவிட்டால் கொஞ்சம் லேசு. டயரும் அப்படித்தான். வழுக்கத் தொடங்கியதும் பிடி குறைகிறது. அதைவிட மோசம், வழுக்கும் டயரின் உராய்வு வண்டி போகும் திசைக்கு நேர் எதிராகவே இழுக்கும், பக்கவாட்டில் பிடிக்காது. ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. இரண்டு சக்கர வண்டி நிமிர்ந்து நிற்பதே அந்தப் பக்கவாட்டுப் பிடியில்தான். முன் சக்கரம் பூட்டினால், யோசிப்பதற்குள் ஆள் கீழே.

இந்தப் பயத்தில்தான் 'முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்' என்று வீட்டுக்கு வீடு உபதேசம். பாதி உண்மை, பாதி ஆபத்து. பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் லேசாகி எளிதில் பூட்டிக்கொள்கிறது. பின் பிரேக்கை மட்டுமே நம்புகிறவர், நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு ஓட்டுகிறார். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும்.

தூரக் கணக்கையும் பாருங்கள். உராய்வுக் கெழு காய்ந்த சாலையில் 0.7, ஈரத்தில் 0.4 என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடித்த பிறகு 60-லிருந்து நிற்க முறையே 20 மீட்டர், 35 மீட்டர். அதே ஈரத்தில் 30-ல் வந்தால் 9 மீட்டர் போதும்.

ஏ.பி.எஸ். இந்தப் பூட்டலைத் தடுக்கத்தான். சக்கரம் பூட்டப் போவதை சென்சார் கண்டுபிடித்ததும் அழுத்தத்தைச் சற்றே விட்டு மறுபடி கொடுக்கும், நொடிக்குப் பல முறை. காரில் 1978-ல் மெர்சிடஸ் எஸ்-கிளாஸ், பைக்கில் 1988-ல் பி.எம்.டபிள்யூ கே100. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் கட்டாயமானது. அது வேலை செய்யும்போது லீவர் கையில் அதிரும். பழக்கமில்லாதவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். விடாமல் பிடித்திருக்க வேண்டிய நேரம் அதுதான்.

உதிரி ஜல்லியில் மட்டும் கதை வேறு. பூட்டிய சக்கரம் ஜல்லியை முன்னால் குவித்துக்கொண்டு சீக்கிரமே நின்றுவிடும். பைக் நிமிர்ந்து நிற்குமா, படுத்து நிற்குமா என்பது தனி விஷயம்.