எல்கார்ட்டில் ஒரு பழைய சாக்ஸபோன்

கான் கம்பெனியின் பழைய சாக்ஸபோனைத் திருப்பிப் பார்த்தால், வலது கட்டைவிரல் கொக்கிக்குக் கீழே 1914 டிசம்பர் 8 என்று ஒரு தேதி குத்தியிருக்கும். ‘முதல் உலகப்போர் காலத்துச் சரக்கு’ என்று அதைக் காட்டி விலையை ஏற்றுகிற வியாபாரிகள் உண்டு. வாத்தியம் செய்த தேதி அல்ல அது. துளை விளிம்புகளை உருவாக்கும் முறைக்குக் காப்புரிமை கிடைத்த நாள். 1920களில் செய்தவற்றிலும் அதே முத்திரைதான். வயதைச் சொல்வது பக்கத்திலுள்ள வரிசை எண். அதைவிட முக்கியம், எண்ணுக்கு அருகே ‘எல்’ என்ற எழுத்து இருக்கிறதா என்பது. ‘எல்’ என்றால் இன்றைய 440 சுருதி. ‘எச்’ என்றால் 457-ஐ ஒட்டிய பழைய உயர்சுருதி. மவுத்பீஸை இழுத்து ஒரு சுரத்தைச் சரிசெய்தால் இன்னொன்று விலகும், ஏனென்றால் துளைகள் இருக்கும் இடமே வேறு. ‘எச்’ வாத்தியத்தை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

என் தலைமுறையில் பலருக்கும் சாக்ஸபோன் ஆசையை மூட்டியது 1994-இல் வந்த ‘டூயட்’ படம். அதில் கத்ரி கோபால்நாத் ஊதியதைக் கேட்டு வளர்ந்துவிட்டு, நடுவயதில் சிகாகோ புறநகர் ஒன்றில், இறந்துபோன ஒருவரின் வீட்டுச் சாமான் விற்பனையில், கறுத்துப்போன வெள்ளிமுலாம் பூசிய கான் ஆல்டோ சாக்ஸபோன் ஒன்றை வாங்கினேன். அதைப் பழுதுபார்க்க இண்டியானாவின் எல்கார்ட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த வாத்தியம் பிறந்த ஊரும் அதுதான்.

கானிடம் போர்மனாக இருந்த கஸ் பூஷர் 1880களின் இறுதியில் அமெரிக்காவின் முதல் சாக்ஸபோனைச் செய்தது இங்கேதான். பிறகு அவர் தனிக் கம்பெனி கண்டார், மார்ட்டின் என்ற குடும்பமும் இதே தொழிலில் இருந்தது. 1920களில் நாடே சாக்ஸபோன் பித்துப் பிடித்து அலைந்தபோது இந்தச் சின்ன ஊர் இரவு பகலாக உழைத்தது. இன்று எல்கார்ட் என்றால் ஊர்சுற்றும் வண்டிவீடுகள்தான் அமெரிக்கர்களின் நினைவுக்கு வரும்.

நான் போன பட்டறை ஒரு வீட்டின் பின்கட்டு. நடத்துகிறவர் ஐம்பதைக் கடந்த பெண்மணி. மினசோட்டாவின் ரெட் விங்கில், பேண்டு வாத்தியப் பழுதுபார்ப்பைக் கற்பிக்கும் கல்லூரியில் படித்தவர். என் பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் எடுத்தது வாத்தியத்தை அல்ல, கழுத்தை. அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பலர் வாத்தியத்தைச் சேர்க்கும்போது கழுத்தை அழுத்தியே வளைத்துவிடுவார்களாம். “கழுத்து நேராக இருக்கிறது. மற்றதெல்லாம் வேலைதான்” என்றார்.

அந்த வேலையில் பெரும்பகுதி காற்றை அடைப்பது. விளக்கை அணைத்துவிட்டு, சிறு பல்புகள் கோத்த ஒரு குழாயைச் சாக்ஸபோனுக்குள் விட்டார். ஒவ்வொரு சாவியாக மூட, மூடிய பிறகும் விளிம்புகளில் வெளிச்சக் கீற்றுகள். சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் தேடுகிற அதே வேலைதான், குமிழுக்குப் பதில் ஒளி. மேலே ஒரு துளையின் மூடி இமைமயிர் அளவு விலகினாலும் கீழ்ச்சுரங்கள் எழும்பாது. புதிதாகக் கற்பவர் தன் மூச்சைத்தான் நொந்துகொள்வார்.

மூடிக்குள் இருப்பது பேட். அட்டை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் ஆட்டுத்தோல். ஆல்டோவில் இருபதுக்கும் மேல். அவற்றை ஒட்டுவது அரக்கு. ஜார்க்கண்ட் காட்டு மரங்களில் பூச்சி சுரக்கும் அதே அரக்குதான் இண்டியானாவில் தேன்நிறக் குச்சியாக உருகிக்கொண்டிருந்தது. மூடியின் முதுகில் சிறு தீயைக் காட்டுகிறார். அரக்கு இளகியதும் பேடை மயிரிழை நகர்த்தி, விரல் எடை மட்டும் வைத்து ஆறவிடுகிறார். பிறகு சிகரெட் தாளின் மெல்லிய கீற்றை விளிம்பில் வைத்து, சாவியை மூடி, மெதுவாக இழுக்கிறார். சுற்றிலும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். ஓரிடத்தில் தாள் வழுக்கினால் மறுபடி தீ. நான் பார்த்துக்கொண்டிருந்த மதியத்தில் பாதி ஒரே பேடுக்குப் போனது.

கானின் துளை விளிம்பு வெளிப்புறமாகச் சுருட்டிவிடப்பட்டது. கோணியிருக்கிறதே என்று அரம் போட்டால் சுருள் தேய்ந்து போகும், திரும்ப வராது. உள்ளே இரும்புக் கம்பியை விட்டு அங்குலம் அங்குலமாகத் தூக்கித்தான் சமன்செய்ய வேண்டும். பாலிஷ் சக்கரத்துக்கும் அவர் பட்டறையில் இடமில்லை. பளபளப்புக்காகத் தேய்த்த வாத்தியத்தில் உலோகம் மெலியும், அகன்ற மணிவாயில் செதுக்கிய பூவேலை மங்கும். சந்தையில் கண்ணைப் பறிக்கிறவற்றில் பாதி அப்படிப்பட்டவைதான். கறுப்பேறிய வெள்ளியை நம்பி வாங்கலாம். தங்கமாக ஜொலிப்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டுச் சீட்டில் பேட், தக்கை, ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து ஒரு சிறு தொகை. மீதி முழுவதும் கூலி. நான் வாத்தியத்துக்குக் கொடுத்த விலையைவிடக் கூடுதல். பேரம் பேச வாயெடுத்தேன். அந்த மதியத்தைப் பார்த்த பிறகு பேச்சு வரவில்லை.

“உடனே கிடைக்குமா?” என்றேன். சுவரோரம் அடுக்கியிருந்த கறுப்புப் பெட்டிகளைக் காட்டினார். கோடை விடுமுறையில் பள்ளிகள் அனுப்பிய வாடகை வாத்தியங்கள். நசுங்கிய மணிவாய்கள், தொலைந்த திருகுகள், ஒன்றுக்குள் ஒரு பென்சில். பட்டறைக்குச் சோறு போடுவது அவைதான். ஆகஸ்டில் அணிவகுப்புப் பயிற்சி தொடங்குமுன் அத்தனையும் திரும்ப வேண்டும். என்னுடையதற்கு ஒரு அட்டை கட்டி, ‘செப்டம்பர்’ என்று எழுதி, மேல்தட்டில் வைத்தார்.